ஏலத் தட்டும் உருக்கப் போகும் சாக்கும்: கோயில் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர் சபைப் பெரியவர்களுக்கும், காசுகளைப் பிரித்து வைத்த தம்பிமார்களுக்கும்,

வணக்கம். கோபுரத் திருப்பணிக்காக நம் பர்மாவின் மோல்மேன் கோயில் பெட்டகத்தில் கிடந்த பழைய காசுகளை விற்கப் போகிறீர்கள் என்ற அறிவிப்பைப் படித்தேன். உண்டியலில் விழுந்தது கோபுரத்துக்குப் போவதில் யாருக்கு என்ன வருத்தம்? ஆனால் காசுகளைப் பார்வைக்கு வைத்த அன்று நான் கண்டது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ஒரு வெல்வெட் தட்டில் ‘டங்கசாலைப் பிழைக் காசுகள்’ (காசு அடிக்கும் இடத்திலேயே பிழையாகப் பிறந்தவை) என்று சீட்டு ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் லட்சக்கணக்கில் க்யாட் ஆரம்ப விலை போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஒரு கோணிச் சாக்கு. அதன் மேல் ‘தேய்ந்தவை, எடைக்கு’ என்று எழுதி, உருக்குகிறவரிடம் கொடுக்கத் தயாராகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். தட்டில் இருப்பவற்றில் பெரும்பாலானவை டங்கசாலையை விட்டு வந்தபிறகு அடிபட்டவை. அசல் பிழைக் காசு ஒன்று சாக்கின் வாய்ப்பக்கத்திலேயே கிடக்கிறது.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். வீடியோவில் பார்த்துத்தான் பிரித்தோம் என்று பதில் வந்தது. ஏலத்துக்கு யாங்கூன், பெகு, தட்டோன் என்று பல ஊர்களிலிருந்தும் நம் ஆட்கள் வரப்போகிறார்கள். சீட்டில் இருப்பதைக் கோயிலே சொன்னதாக எடுத்துக்கொண்டு, சாமி காரியம் என்று கூடக் கொஞ்சம் கொடுத்தும் வாங்குவார்கள். நாளைக்கு ஒருவர் அந்தக் காசை விவரம் தெரிந்தவரிடம் காட்டி, ‘இது சுத்தியலால் அடித்தது’ என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் யார் முகத்தில் விழிப்பது? அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உலோகத்தை உருக்கித் தகடாக உருட்டுவார்கள். தகட்டிலிருந்து வட்ட வில்லைகளைக் குத்தி எடுப்பார்கள். வில்லையின் ஓரத்தை நெருக்கிச் சற்றே உயர்த்துவார்கள். பிறகு கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் ஓர் இரும்பு வளையம், நடுவில் வில்லை. ஒரே அடி. உலோகம் அச்சின் குழிகளுக்குள் பாய்ந்து முகமும் எழுத்தும் ஆகிறது. சுற்று வளையம் அது பக்கவாட்டில் பரவாமல் பிடித்துக்கொள்கிறது. ரூபாயின் விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் வரிகள் அந்த வளையத்தின் உபயம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இப்படி அடித்த காசுதான் வெள்ளைக்காரன் காலத்தில் பெரும்பாலும் இங்கே புழங்கியது.

ஆக, பிழை நேர மூன்றே இடம்: வில்லை, அச்சு, அடி. காசு அச்சை விட்டு வெளியே விழுந்த நொடியோடு பிழைக்கான வாய்ப்பு முடிந்தது. அதன்பின் அது பட்டதெல்லாம் சேதம்தான். ஒரு காசைக் கையில் எடுத்தால், ‘இது விசித்திரமாக இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள், தம்பிகளே. நூறு வருஷம் கைமாறிய காசு விசித்திரமாகத்தான் இருக்கும். ‘இந்தக் கோளாறு அடிக்கு முன்பா, அடியோடா, அடிக்குப் பின்பா’ என்று கேளுங்கள். பதிலைக் காசே சொல்லும்.

தட்டில் முதலில் வைத்திருப்பது 1840 கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாய். விக்டோரியா ராணியின் கன்னத்திலிருந்து கழுத்துவரை ஒரு கோடு. சீட்டில் ‘அச்சு விரிசல்’ என்று இருக்கிறது. கொழுக்கட்டை அச்சில் ஒரு கீறல் இருந்தால் மாவு அதற்குள்ளும் புகும். கொழுக்கட்டையில் அது மேடாக எழும்பி நிற்கும். காசும் அப்படித்தான். அச்சு விரிசல் என்றால் காசில் மேடான கோடு வரவேண்டும். உங்கள் ரூபாயில் இருப்பது பள்ளம். போதாததற்கு, பள்ளத்தின் இரு கரையிலும் வெள்ளி பிதுங்கி நிற்கிறது. கூரான ஏதோ ஒன்று காசின்மேல் ஓடியபோது ஒதுக்கித் தள்ளிய வெள்ளி அது.

சரி, மேடு என்றால் டங்கசாலை, பள்ளம் என்றால் பிறகு வந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா? முக்கால்வாசி காசுகளுக்கு அந்த வரி போதும். மிச்சக் கால்வாசியில்தான் ஆள் ஏமாறுவது. அச்சுக்கும் வில்லைக்கும் நடுவே நூலோ கம்பித் துணுக்கோ சிக்கி, அதையும் சேர்த்து அடி விழுந்தால், அதன் தடம் பள்ளமாகவே பதியும். அது அசல் பிழை. ஆனால் அங்கே கரையில் பிதுக்கம் இருக்காது. பள்ளத்தின் ஓரம் மழமழவென்று இறங்கும். எண்ணெய்ப் பிசுக்கு அச்சின் குழியை அடைத்துக்கொண்டால் அந்த இடத்து எழுத்து மட்டும் மங்கிப் போகும், பக்கத்து எழுத்துகள் கூர்மையாக நிற்கும். தேய்மானம் அப்படி ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்துத் தேய்க்காது. ராணியின் காதோரக் கூந்தல், கன்னம், மகுடம் என்று உயர்ந்த இடங்கள் எல்லாம் சேர்ந்துதான் மழுங்கும்.

மேட்டிலும் ஏமாற்றம் உண்டு. தட்டில் ஒரு காலணாவில் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது. அது பெரும்பாலும் நெருப்புக் கண்ட காசு. 1941 டிசம்பர் 23-லும் 25-லும் இரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த ஜனவரி முடிவதற்குள் ஜப்பான்காரன் மோல்மேனையும் பிடித்துவிட்டான். எரிந்த வீட்டுச் சாம்பலில் பொறுக்கியது, மண்ணில் புதைத்துவிட்டு ஓடித் திரும்பி வந்து தோண்டியது என்று எத்தனையோ காசு அந்தக் காலத்தில் உண்டியலுக்கு வந்திருக்கும். பலமான சூடு கண்ட காசின் மேல்தோல் உப்பும், கருக்கும், எழுத்தோரம் குழைந்து போகும். ‘டங்கசாலைப் பிழை’ என்ற சீட்டை எடுத்துவிட்டு ‘தீப்பட்ட காசு’ என்று எழுதி வைத்தால் அதை வாங்கவும் ஆள் இருக்கிறது. நானே வாங்கிக்கொள்வேன்.

இனி சாக்கில் கிடந்த அந்தக் காசு. விக்டோரியா காலணா. ஒரு பக்கம் ராணி முகம் ஒழுங்காக இருக்கிறது. பூப் பக்கத்தில் காசின் மதிப்பும் ஆண்டும் இருக்க வேண்டும், அவை இல்லை. அங்கேயும் ராணி முகம்தான், இடம் வலம் மாறி, குழியாக. யாரோ ‘தேய்ந்து குழி விழுந்தது’ என்று சாக்கில் போட்டுவிட்டார்கள். ஐயா, தேய்ந்தால் காசு மொழுக்கென்று ஆகும். மூக்கும் கண்ணும் கூந்தல் இழையும் அளவு பிசகாமல் குழியில் பதியாது.

நடந்தது இதுதான். அதற்கு முன்னால் அடித்த காசு வெளியே போகாமல் பூப் பக்கத்து அச்சிலேயே ஒட்டிக்கொண்டது. அதன் முகம் வெளியே பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த வில்லை உள்ளே வந்து விழுந்தது. ஒரு பக்கம் அசல் அச்சு, மறுபக்கம் அச்சுக்குப் பதில் ஒட்டிக்கிடந்த காசு. அடி விழுந்ததும் அந்தக் காசின் முகமே அச்சாகி, வில்லையில் குழிந்த கண்ணாடிப் பிம்பமாக இறங்கிவிட்டது. புரோக்கேஜ் என்பார்கள். ஒட்டிய காசு அடுத்தடுத்து அடி வாங்க வாங்கத் தானும் தட்டையாகிப் பரவும். அதனால் பின்னால் வரும் காசுகளில் குழிமுகம் பெரிதாகி மங்கும். நம் காசில் அது கூர்மையாக இருக்கிறது என்பதால், ஒட்டியவுடன் விழுந்த முதல் சில அடிகளில் ஒன்றாக இருக்கும். பிரிட்டிஷ் இந்தியாவின் செப்புக் காசுகளில் இந்தப் பிழை அவ்வப்போது தலைகாட்டுவதுதான். ஆனாலும் இவ்வளவு சுத்தமாகக் கிடைத்தால் சேகரிப்பவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். ஆண்டு இருக்கும் பக்கமே அச்சாகாததால் எந்த வருஷத்துக் காசு என்று சொல்ல முடியாது. ராணியைச் சுற்றி ‘குயின்’ என்று இருந்தால் 1876 வரை, ‘எம்பிரஸ்’ என்று இருந்தால் 1877-க்குப் பிறகு, அவ்வளவுதான் தேறும். நான் பார்த்த காசில் ‘எம்பிரஸ்’ என்று இருந்தது. அதைச் செம்பு விலைக்கு எடை போட இருந்தீர்கள்.

இதே மாதிரி இருக்கிறது என்று நம்பி ஒன்றைத் தட்டில் வைத்திருக்கிறீர்கள், நடுவிலிருந்து மூன்றாவது. அதன் பூப் பக்கத்தில் இடம் வலம் மாறிய நாலைந்து எழுத்துகள் குழியாக இருக்கின்றன. லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள். அந்தக் குழி எழுத்துகளுக்கு அடியில் காசின் சொந்த எழுத்துகள் நசுங்கிக் கிடப்பது தெரியும். முதலில் ஒழுங்காக அடிபட்ட காசு. பிறகு யாரோ இன்னொரு காசை மேலே வைத்து இடுக்கியிலோ சுத்தியலிலோ நசுக்கியிருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் ராணி முகம் தட்டையாகிப் பளபளக்கும், ஏனென்றால் இடுக்கியின் இரும்பு அழுத்தியது அந்தப் பக்கத்தில். அசல் புரோக்கேஜில் மறுபக்கத்து முகம் இப்படி நசுங்கியிருக்க வழியே இல்லை. அதுதான் அச்சு அப்போதே பதித்த முகம். சாக்கில் இருப்பதையும் தட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் தம்பிமார்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

பிறைபோல ஓரம் வெட்டுப்பட்ட காலணா ஒன்றும் தட்டில் உண்டு. இது நல்ல காசாக இருக்கலாம். நீங்கள் சரியாக எடுத்து வைத்த ஒன்று. தகட்டில் வில்லை குத்தும்போது, ஏற்கெனவே குத்திய ஓட்டையின் மேல் கத்தி கொஞ்சம் ஏறி விழுந்தால் இப்படிப் பிறை குறைந்த வில்லை வரும். பார்க்க வேண்டியது மூன்று. வெட்டின் வளைவில் இன்னொரு காலணாவைப் பொருத்திப் பாருங்கள். ஒட்டி உட்கார வேண்டும், ஏனென்றால் வெட்டியது அதே அளவுக் கத்தி. வெட்டுக்கு அருகே வரும் எழுத்துகள் வெட்டை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்க வேண்டும்; எழுத்து நன்றாக இருந்து சட்டென்று துண்டானால் அது காசான பிறகு நறுக்கியது. மூன்றாவது, வெட்டுக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பு. ஓரத்தை உயர்த்த வில்லையை இரு பக்கமும் நெருக்கும்போது வெட்டு இருக்கும் பக்கம் பிடிமானம் இல்லை. அதனால் எதிர்ப்பக்கத்து விளிம்பும் சரியாக எழாது. பிளேக்ஸ்லி விளைவு என்று சேகரிப்பவர்கள் சொல்வது இதைத்தான். எல்லா வெட்டுக் காசிலும் இது தெரிந்துதான் ஆகவேண்டும் என்றில்லை; தெரிந்தால் பெரிய தெம்பு. அந்தக் காசில் எதிர் விளிம்பு மெலிந்திருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. தட்டின் கண்ணாடிக்கு மேலிருந்து பார்த்தது. கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது என் வெள்ளிக்கடைத் தொழிலுக்கு வருகிறேன். ‘விளிம்பில் வரி இல்லாத ரூபாய், சுற்று வளையம் இல்லாமல் அடித்தது’ என்று ஒரு சீட்டு. அந்த ரூபாயில் தலைக்கு மேலே மட்டும் வரி இல்லை; மற்ற இடமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வளையம் இல்லாமல் அடித்திருந்தால் சுற்றிலும் வரி இருக்காது, காசும் தட்டையாக அகன்றிருக்கும். சரியாகத் தலை உச்சியில் மட்டும் வரி மறைந்திருந்தால், அது காசு மாலையிலோ பதக்கத்திலோ தொங்கிய காசு. பத்தர் உச்சியில் பற்றுப்பொடி வைத்து நெருப்பில் ஒட்டித் தொங்கவிடும் வளையம் போட்டிருப்பார். பிற்காலத்தில் எடுத்துவிட்டு அரம் போட்டுச் சமன் செய்திருப்பார். சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், பொடி உருகி ஓடிய இடத்தில் வெள்ளியின் நிறமே வேறாக இருக்கும். நம் பாட்டிமார் கழுத்திலிருந்து இறங்கி உண்டியலுக்கு வந்த காசு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் என்ன? அதை வாங்குகிறவர்கள் அதற்கென்றே இருக்கிறார்கள்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிவிப்பில் ஒரு காசுக்குக்கூட எடை போடவில்லை. நகைத் தராசு இல்லாமல் இந்த வேலை ஆகாது. 1835-லிருந்து அடித்த ரூபாய் புதிதில் 11.66 கிராம், நன்றாகப் புழங்கியது கொஞ்சம் இறங்கும். செப்புக் காலணா 6.47 கிராம். 1906-க்குப் பிறகு வந்த வெண்கலக் காலணா 4.86 கிராம்தான். ‘எடை குறைவான வில்லையில் அடித்த பிழை’ என்று நீங்கள் எழுதியிருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் காலணா அந்த எடையில்தான் இருக்க வேண்டும், ஐயா. அவர் காலத்தில் எல்லாக் காலணாவும் அப்படித்தான். ‘வெள்ளி வில்லையில் தவறி அடித்த காலணா’ என்று ஒன்று. விக்டோரியா காலத்துச் செப்புக் காலணாவின் அளவில் வெள்ளியால் ஒன்று அடித்திருந்தால் ஏழரை கிராம் வரும். தராசு ஆறரைக்குள் நின்றால், செம்பின் மேல் பாதரசம் பூசியது. அந்தக் காலத்தில் காசில் பாதரசம் தேய்த்து வெள்ளியாக்குவது பையன்களுக்கு ஒரு விளையாட்டு. கையில் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டாம். பாதரசம் உடம்புக்கு ஆகாது.

இருபக்கமும் தலை உள்ள ரூபாயைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இரண்டு முகமும் மேடாக இருந்தால், அநேகமாக எப்போதும் இரண்டு காசுகளைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருத்தியதுதான். பூவா தலையா போட்டு ஏமாற்றச் செய்தது. விளிம்பின் உள்ளோரத்தில் மெல்லிய இணைப்புக் கோடு சுற்றி ஓடும். விரல் நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் சொத்தென்று ஒலிக்கும். தண்டவாளத்தில் வைத்து ரயிலேற்றிய காசைப் ‘பரந்த அடி’ என்று போட்டிருப்பதற்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சின்ன வயதில் அதைச் செய்யாதவர் உங்கள் சபையில் யாராவது இருக்கிறீர்களா?

இரட்டை எழுத்துகளில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அச்சு செய்யும்போதே எழுத்து இருமுறை பதிந்துவிட்டால் அந்த அச்சில் அடித்த காசில் எழுத்து பருத்து, முனையில் பிளவோடு, இரண்டும் உருண்டையாக நிற்கும். அதற்கு விலை உண்டு. அடி விழுந்த கையோடு அச்சு லேசாக ஆடிவிட்டால் எழுத்தின் ஓரம் சீவியதுபோலத் தட்டைப் படியாக ஒதுங்கும், எழுத்தும் மெலிந்துவிடும். இதுவும் டங்கசாலைக்குள் நடந்ததுதான், ஆனால் சர்வ சாதாரணம். இதற்கு லட்சம் கேட்டால் சிரிப்பார்கள்.

பிழையும் இல்லாமல் சேதமும் இல்லாமல் தட்டில் ஏறியிருப்பவையும் உண்டு. 1911 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் ஒரு யானை. தும்பிக்கை குட்டையாகப் போய்ப் பார்ப்பதற்குப் பன்றிபோல ஆகிவிட்டது. முஸ்லிம் மக்கள் மனம் புண்பட்டது. அரசு காசை நிறுத்தி, வெளியே விடாமல் இருந்தவற்றில் பெரும்பகுதியை உருக்கி, 1912-லிருந்து யானையைத் திருத்தி அடித்தது. செதுக்கியவர் கையில் நேர்ந்த கோளாறு அது. அந்த வருஷத்து ரூபாய் எல்லாவற்றிலும் அதே பன்றிதான் இருக்கும். ஆகவே ‘ஒரே ஒரு காசு, பன்றிப் பிழை’ என்ற சீட்டு பொய். ஆனால் காசு நல்ல காசு. மிஞ்சியது கொஞ்சம் என்பதால் நியாயமான விலை தானாக வரும்.

1862 ரூபாயில் ஆண்டுக்குக் கீழே புள்ளிகள் இருக்கின்றனவே என்று கேட்டீர்கள். அந்த ஆண்டுக்குப் பிறகும் பல வருஷம் 1862 என்றே போட்டு அடித்தார்கள். எந்த வருஷத்து அடி என்று தங்களுக்குத் தெரிவதற்காகப் பம்பாய்க்காரர்கள் வைத்த அடையாளம் அந்தப் புள்ளிகள். வேண்டுமென்றே வைத்தது. பர்மிய மன்னர் அடித்த நம் மயில் காசின் ஆண்டும் இந்த வகைதான். 1214 என்ற பர்மிய ஆண்டு மிண்டோன் மன்னர் பட்டத்துக்கு வந்த ஆண்டு, அதாவது 1853-ஐ ஒட்டியது. மந்தலே டங்கசாலையோ 1865-ல்தான் வேலை தொடங்கியது; மந்தலே நகரமே 1857-ல் எழும்பியது. ஊர் பிறக்கும் முன்பே காசு பிறந்ததா, இது ஆண்டுப் பிழை என்று தம்பி ஒருவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். கணக்கு சரி, முடிவு தப்பு. மன்னர் பட்டம் ஏறிய ஆண்டைத்தான் காசில் போட்டார்கள். காந்தத்தில் ஒட்டும் 1947 ரூபாயும் இப்படித்தான்: புலி போட்ட அந்த ரூபாய் நிக்கலால் ஆனது, எல்லாமே ஒட்டும்.

ஓட்டைக் காலணாக்களை மட்டும் சாக்கிலிருந்து மொத்தமாக வெளியே கொட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். போர்க்காலத்தில் உலோகம் மிச்சம் பிடிக்க 1943 முதல் 1947 வரை நடுவில் ஓட்டை போட்டு அடித்த காசு. ஓட்டை ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆனால் அதன் ஓரம் மற்றவற்றைப்போலவே ஒழுங்காக இருந்தால் அது நல்ல பிழை. ஓட்டையை அரத்தால் அகலப்படுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. வாஷராக மாட்டிய காசு.

சாக்கில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. வெள்ளி ரூபாய்களில் சின்னச் சின்ன முத்திரைக் குத்துகள் விழுந்தவற்றை எல்லாம் ‘கெட்டுப்போனது’ என்று ஒதுக்கியிருக்கிறீர்கள். காசுக்கடைச் சராப்புகளும் சீனக் கடைக்காரர்களும் வெள்ளி நல்லதா என்று சோதித்துத் தங்கள் அடையாளத்தைக் குத்தியது அது. குத்துக்கு நேர் பின்புறம் சற்றே தட்டையாக இருக்கும், அதனால் அடிக்குப் பின்வந்தது என்பதில் சந்தேகமில்லை. கணக்குப்படி சேதம்தான். ஆனால் இந்த ஊர் துறைமுகத்தில் யார் யார் கையில் அந்தக் காசு புரண்டது என்பதற்கு அந்தக் குத்துகளைவிட்டால் வேறு சாட்சி ஏது? என்னைக் கேட்டால் தட்டில் இருக்கும் பாதிப் ‘பிழை’களுக்கு இவை மேல். இதற்கு விலை வருமா என்றால், எல்லோரிடமும் வராது. உருக்க மட்டும் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் புளி. தட்டில் இருக்கும் செப்புக் காசுகள் எல்லாம் நேற்று அடித்ததுபோலச் செக்கச்செவேலென்று பளபளக்கின்றன. கோயில் விளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கு விபூதி. நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் நான் மேலே எழுதிய சோதனைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது காசின் நிறம். பழைய செம்பின்மேல் படிந்த பழுப்பு, கோளாறு இருக்கும் இடத்துக்குள்ளும் அதே மாதிரி சீராகப் படிந்திருந்தால் கோளாறு பழையது. உள்ளே மட்டும் பளிச்சென்று இருந்தால் அண்மையில் விழுந்தது. தேய்த்தபின் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும், எதை வைத்து என்ன சொல்வது? பிழைக்காசு அசலே ஆனாலும் தேய்த்துப் பளபளப்பாக்கியதற்கு விலை விழுந்துவிடும். நம் ஊர் மழைக்குப் பச்சைக் களிம்பு ஏறத்தான் செய்யும். பொடிப்பொடியாக உதிரும் களிம்பு என்றால் அந்தக் காசைத் தனியாக, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும்.

சபையிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சாக்கை உருக்குகிறவரிடம் கொடுப்பதை நிறுத்துங்கள். ஏலத்தை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு காசுக்கும் எடை போட்டு, இருபுறமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து, பட்டியலை ஏலத்துக்கு முன்பே வெளியிடுங்கள். ‘பிழை’ என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு மட்டும் அந்தச் சீட்டு. மற்றதற்கு ‘பிற்காலச் சேதம்’, ‘மாலைக் காசு’, ‘சராப்புக் குத்து’, ‘தீப்பட்டது’ என்று உள்ளதை உள்ளபடி. சந்தேகம் என்றால் ‘சந்தேகம்’ என்றே எழுதலாம். அதற்காக யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள். வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாம் என்றும் ஒரு பேச்சு அடிபடுகிறது. பழம்பொருளை வெளியே அனுப்புவதற்குச் சட்டம் இருக்கிற நாடு. முதலில் ஒரு வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தம்பிமார்கள்மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. வேறு யாரும் எட்டிப் பார்க்காத பெட்டகத்தைத் திறந்து, தூசி தட்டி, இத்தனை காசையும் வகைப்படுத்த உட்கார்ந்தது அவர்கள்தான். சனிக்கிழமை கடை மூடியதும் தராசும் லூப்பும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அவர்களும் இருந்தால் ஓட்டைக் காலணாக் குவியலிலிருந்து ஆரம்பிக்கலாம். அதற்குள் புளிப் பானையை மட்டும் மடப்பள்ளிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கோயில் தெருவின் பழைய வெள்ளிக்கடைக்காரன்,
மோல்மேன்